எதிர் நாற்காலி

ஆறாவது வாரமும் தணிகாசலம் வாயைத் திறக்காததால், ஆலோசகர் பெனிட்டா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து அவருக்கு எதிரே போட்டாள். "ஐயா, இதுல உங்க வீட்டம்மா உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்குங்க. மனசுல இருக்கறத அவங்ககிட்ட சொல்லுங்க." போன தையில் ரஞ்சிதம் செத்ததிலிருந்து சோறும் இறங்காமல் மாத்திரையும் கேட்காமல் படுத்தே கிடப்பவரை, பேசினாலாவது தேறுவார் என்று மகள்தான் இங்கே கூட்டிவந்து விட்டுப்போகிறாள். அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி, கதவோரச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க இல்லைங்கய்யா, இங்க" என்று பெனிட்டா நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "அவ உக்கார மாட்டாம்மா" என்றார். இந்த அறையில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "நான் இருக்கற எடத்துல அவ உக்காந்ததே இல்ல. ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட, நான் உள்ள போனா எழுந்திரிக்கப் பாப்பா." "நீங்க உக்காருன்னு சொன்னதில்லையா?" நாற்பத்தெட்டு வருஷம், குழம்புக் கரண்டியோடு அவர் இலைக்குப் பக்கத்தில் நின்றவள். தணிகாசலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைத் துண்டால் துடைத்து, தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சுவரோரம் வைத்தார். "உக்காரு" என்றார். தான் உட்காராமல் எதிரே நின்றுகொண்டார். "நீங்களும் உக்காருங்கய்யா" என்றாள் பெனிட்டா. "இரும்மா" என்றார், சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அவ இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கா."