மூணாவது மூவ்

"மூணாவது மூவ்லயே கோப்பையத் தூக்கிக் குடுத்துட்டீயளே, அண்ணாச்சி" என்றார் கோமதிசங்கர். கோப்பை அவர் கையில்தான் இருந்தது.

குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு நடக்கிற சின்ன செஸ் போட்டி. மொத்தமே ஆறு பேர், ஆளுக்கு ஐந்து ஆட்டம். கடைசி ஆட்டத்தில் தங்கசாமி ஜெயித்தால் கோப்பை அவருக்கு. டிரா ஆனால் கோமதிசங்கருக்கு. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையரான தங்கசாமி, மூன்று வருஷமாக இரண்டாம் இடத்தை விட்டு நகராத மனுஷர்.

எதிரே உட்கார்ந்தது அச்சன்புதூர் கிதிர் முகம்மது. ஒரு காலத்தில் புலி. இந்த வருஷம் நாலு ஆட்டமும் தோல்வி. கோமதிசங்கரே காலையில் அவரைப் பதினாறு மூவில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். இதோடு செஸ்ஸுக்கு முழுக்கு என்று மத்தியானம் கிதிர் முகம்மது தன் மகளிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

அப்படிப்பட்ட ஆளிடம் போய் டிராவா?

கோமதிசங்கர் கணக்கு வாத்தியார். விளக்காமல் விடமாட்டார்.

"அவர் கறுப்புக் காய்ல ஆடுனது பிரெஞ்சு டிஃபென்ஸ்ங்கிற தற்காப்பு ஆட்டம். அதுல கறுப்போட ஒரு பிஷப், சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால அடைபட்டுக் கெடக்கும். நீங்க சிப்பாய முன்னால தள்ளி நெருக்கியிருந்தா மூச்சு முட்டியிருக்கும். அத விட்டுட்டு மூணாவது மூவ்ல சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டி மாத்திட்டீய. கதவத் தொறந்து விட்டாச்சு. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் ஒண்ணு போல. நீங்க குதிரைய எடுத்தா அவரும் குதிரை. நீங்க பிஷப்ப எடுத்தா அவரும் பிஷப். கடைசில யானைகள வெட்டிக்கிட்டு டிரா. பயந்தவுக ஆடுத ஆட்டம்லா அது."

தங்கசாமி மறுக்கவில்லை. அதெல்லாம் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கிதிர் முகம்மதுவின் மகள் நிலோபர் வந்தாள். அடுத்த வருஷப் போட்டிக்கு இப்பவே பேர் கொடுக்கச் சொல்லி வாப்பா ஒரே பிடிவாதம் என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டையா போயிட்டாங்களா சார்? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

"எதுக்கும்மா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் வாப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. மொத ரெண்டு மூவ் பழக்கத்துல வந்துருது. அதுக்கு மேல சொந்தமா யோசிக்க வரல. எதிர்ல வைக்கிறதப் பாத்து அப்படியே வைக்க மட்டும்தான் வருது. காலைலயே உங்ககிட்ட சொல்ல நெனச்சேன், நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க. மத்தியானம் ஏட்டையாதான் தானா வந்து, வாப்பாவுக்கு என்னன்னு கேட்டாங்க."

கோமதிசங்கர் கோப்பையை மேஜையில் வைத்தார்.

"எதிராளியப் பாத்து அப்படியே வைக்கிற ஆளும் தோக்காம ஆட ஒரு ஆட்டம் இருக்காமே சார். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."