முஸ்பிராவின் முறை

முஸ்பிராவை முன்வரிசையில் இருத்திவிட்டார்கள். அவளுக்கோ அந்தக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு தரம் எழுந்து மண்டப வாசல்வரை போனாள். வெளியே சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி திரும்பி வந்தாள். இருந்தாள். மறுபடி எழும்பப் பார்த்தாள்.

“தண்ணி ஏதும் வேணுமா அம்மா?” பக்கத்தில் இருந்த கீர்த்திகா கேட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மேடையில் மூன்று படங்களுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒவ்வாமை நோய் ஆராய்ச்சியில் முன்னோடிகளாக இருந்து மறைந்தவர்களை நினைவுகூரும் கூட்டம். இரண்டு பேர் கொழும்பில் படிப்பித்த பேராசிரியர்கள். அவர்களை முஸ்பிராவுக்குத் தெரியாது. மூன்றாவது படம் டொக்டர் யசிந்தாவுடையது. மன்னார் டவுனில் டிஸ்பென்சரி வைத்திருந்தவர், போன மாசியில் காலமானார்.

படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிலாவத்துறையில் முஸ்பிராவின் வீட்டுக்கு வருசா வருசம் வந்துபோன காலத்தில் அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. வருவார், கொஞ்ச நேரம் இருப்பார், போய்விடுவார்.

டொக்டரிடம் வேலை பழகிய கீர்த்திகா அதை எப்படியோ கேள்விப்பட்டிருந்தாள். போன கிழமை வீடு தேடி வந்து, “நீங்கள் கட்டாயம் ரெண்டு வார்த்தை கதைக்கோணும் அம்மா” என்று கையைப் பிடித்துக் கேட்டாள்.

முஸ்பிரா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

சொல்ல அவளிடம் ஒரு விசயம் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள் வைத்திருந்தது. இன்று காலை பஸ்ஸில் வரும்போது அதை எப்படிச் சொல்வதென்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் இவள் ஏதோ துஆ ஓதுகிறாள் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். தன்னைக் காப்பாற்ற வந்த மருந்தையே உடம்பு பகையாளி என்று நினைத்துச் சண்டைக்கு நிற்பதுதான் ஒவ்வாமை என்றார். டொக்டர் யசிந்தா முசலிக் கரையோர ஊர்கள் முழுக்க அலைந்து, யாருக்கு இறால் தின்றால் முகம் வீங்குகிறது, யாருக்கு ஊசி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று வீடு வீடாகக் கேட்டதையும், இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தானே கொழும்புக்குக் கொண்டுபோனதையும் சொன்னார்.

“டிஸ்பென்சரியில் சுகமாக இருந்திருக்கலாம். அந்த வயதில் அவரைத் தெருவில் இறக்கியது எது? அறிவுத் தாகம்!”

முஸ்பிராவின் கால் கதிரைக்குக் கீழே ஆடத் தொடங்கியது. முழங்காலைக் கையால் அமர்த்திப் பிடித்தாள். அது நிற்கவில்லை.

அறிவுத் தாகமாம்.

இனி என்னைக் கூப்பிடட்டும், சொல்கிறேன் என்று நினைத்தாள்.

ஆனால் அடுத்ததாகக் கூப்பிட்டது பாப்பாமோட்டையிலிருந்து வந்த கோகுலனை. வயல் செய்கிற மனிசன். மகள் லக்சிகாவையும் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினான். மைக்குக்குக் கிட்டக் குனிந்தான்.

“ஊசி போட முதல் டொக்டரம்மா சோதிச்சுப் பாத்தவ. பாக்காமப் போட்டிருந்தா இவள் இண்டைக்கு இல்லை.”

மகளின் தலையைத் தடவினான். பிள்ளை அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. மேடை ஓரத்து மேசையில் மூடி வைத்திருந்த ரோல்ஸ் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசி போலும். தகப்பன் இழுத்த பிறகுதான் அசைந்தாள்.

முஸ்பிரா அந்தப் பிள்ளை படியிறங்கி, கதிரையில் ஏறி இருந்து, காலை ஆட்டத் தொடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“அடுத்ததாக, சிலாவத்துறையிலிருந்து முஸ்பிரா அம்மா.”

எழும்பினாள். கீர்த்திகா முழங்கையில் தாங்கி மேடைவரை கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

அவற்றை விழுங்கினாள்.

“என்ட மகன் றிஸ்லானுக்குத்தான் முதல்ல மருந்து ஒத்துக்கொள்ளாம வந்தது” என்றாள். “டொக்டர் அவன்ட கைய விடாமப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. அதுக்குப் பிறகுதான் ஊர் ஊராப் போகத் தொடங்கினவ.”

அவ்வளவுதான். மைக்கை விட்டு விலகினாள்.

மண்டபம் கை தட்டியது. பேராசிரியர் எழுந்து நின்று தட்டினார். கோகுலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினான். அவனைப் பார்த்து லக்சிகாவும் தட்டினாள்.

முஸ்பிரா இறங்கி வந்து கதிரையில் இருந்தாள். கீர்த்திகாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காதுக்குள் குனிந்து கேட்டாள்.

“றிஸ்லானையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே அம்மா. இப்ப எங்க இருக்கிறார்?”

“சிலாவத்துறை மையவாடியில.”

மையவாடி என்றால் முஸ்லிம்களை அடக்கும் இடம் என்பது கீர்த்திகாவுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“அண்டைக்கு ஊசி போட்டதும் அந்த டொக்டர்தான், பிள்ளை” என்றாள் முஸ்பிரா.

கீர்த்திகா மேடையைப் பார்த்தாள், பேராசிரியரைப் பார்த்தாள், எதையோ நிறுத்தப் போகிறவள் போல அரைவாசி எழும்பினாள்.

முஸ்பிரா அவள் கையைப் பிடித்து இருத்தினாள்.

“இருங்கோ. தட்டினது தட்டினதாவே இருக்கட்டும்.”