பிழையாய் வெட்டிய சொற்கள்

"ஒண்டில் அந்தாள் இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும். நீங்களே முடிவெடுங்கோ பிள்ளை."

கமலாசனி கடுதாசியை மேசையில் போட்டார்.

சுதாஜினிதான் அந்தக் கிளிநொச்சிக் கந்தோருக்குப் பொறுப்பு. வயது இருபத்தெட்டு. நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆர் அன்ரி, ஸ்ரனிஸ்லஸ் அண்ணையோ?"

"வேற ஆர்?"

அங்கே நடப்பது சொல் வெட்டும் வேலை. டென்மார்க்காரர் இரண்டு மூன்று சொல்லை இடைவெளியே விடாமல் ஒட்டி, ஒரே சொல்லாக எழுதிவிடுவார்கள். எந்த இடத்தில் பிரிப்பது என்று தெரியாமல் கொம்பியூட்டர் முழிக்கும். அதற்குப் படிப்பிக்கத்தான் இங்கே ஸ்ரனிஸ்லஸ் உட்படப் பன்னிரண்டு பேர் இருந்து வெட்டுகிறார்கள். ஒரே சொல்லை இரண்டு பேர், ஒருவர் வெட்டியதை மற்றவர் பார்க்காமல் வெட்டவேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் சொல் நேரே டென்மார்க் போகும். ஒத்துவராவிட்டால் அது பிணக்கு, கமலாசனியின் மேசைக்கு வரும். இருபத்திரண்டு வருசம் அந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தவர், டெனிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

வீட்டில் புருசன் சிவராசா பாரிசவாதத்தில் படுக்கை. மருந்து, அடுப்பு எல்லாம் இந்தக் கதிரைச் சம்பளத்தை நம்பித்தான். அதனால் வேலையில் ஒரு தூசு விழவும் கமலாசனி விடமாட்டார். நியாயம்தானே?

"என்ன பிழை விட்டவர் அன்ரி?"

"கொக்கன்ஸ்காப். குசினி அலுமாரி. கொக்கன் எண்டு ஒரு துண்டு, ஸ்காப் எண்டு ஒரு துண்டு. போன வருசம் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டின மனுசன். நேற்று ஸ்காப்புக்கு நடுவிலை கத்தியை வைச்சிருக்கிறார். அலுமாரியை ரெண்டாப் பிளந்துபோட்டார் பிள்ளை."

சுதாஜினிக்குச் சிரிப்பு வந்தது. கமலாசனிக்கு வரவில்லை.

"போன மாசம் நேரிலையும் கேட்டுப் பாத்தனான். 'என்ன தம்பி, கண் தெரியேல்லையோ? விருப்பமில்லாட்டி முல்லைத்தீவிலை போய் வலையை இழுங்கோ' எண்டனான். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, இனிக் கவனமாச் செய்யிறன்' எண்டார். அடுத்த நாளும் அதே கூத்து. ரெண்டு எச்சரிக்கை குடுத்தாச்சு. இந்தக் கடுதாசி மூண்டாவது."

மூன்றாவது என்றால் ஆள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஸ்ரனிஸ்லஸுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் இரண்டு பிள்ளைகள். அதை நினைத்து ஒரு கிழமையாக அந்தக் கடுதாசியைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தவர்தான் கமலாசனி. இன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"பொறுங்கோ, ஒருக்காப் பாப்பம்."

சுதாஜினி ஸ்ரனிஸ்லஸின் வேலையைக் கொம்பியூட்டரில் திறந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் நேரம் போட்டிருக்கும். மேலும் கீழுமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"காலமை ஒரு பிழையும் இல்லை அன்ரி. எல்லாம் ரெண்டு மணிக்குப் பிறகுதான்."

"திண்டுபோட்டு நித்திரை தூங்கிறாராக்கும்."

சுதாஜினி எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கமலாசனிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அன்ரி, உங்களிட்டை ஒண்டை மறைச்சுப்போட்டன். பங்குனியிலை நீங்கள் அங்கிளோடை ஆசுப்பத்திரியிலை நிண்ட கிழமை, மேலிடத்திலையிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கடை ஆக்கள் நல்லா வெட்டப் பழகீட்டினம், பிணக்குக் குறைஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு முப்பது பிணக்காவது வராட்டி, தீர்ப்புச் சொல்லத் தனியா ஒரு ஆள் தேவையில்லையாம். மற்ற எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். உங்களுக்குச் சொல்ல மட்டும் எனக்கு மனம் வரேல்லை."

கமலாசனிக்குப் படுக்கையில் கிடக்கிற மனுசனின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

"இப்ப எத்தினை வருது பிள்ளை?"

"அண்டண்டைக்கு எத்தினை பிணக்கு எண்டு சுவர்த் திரையிலை எல்லாருக்கும் தெரியும்தானே. ரெண்டு மணிக்குப் பதினெட்டு நிக்கும், இல்லாட்டி இருபது. அதுக்கு மேலை போறது கஷ்டம்."

"என்ரை மேசைக்கு ஒவ்வொரு நாளும் முப்பது வருதே."

சுதாஜினி கொம்பியூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஓம் அன்ரி. முப்பது வந்தாப் பிறகு, அண்ணை ஒரு நாளும் ஒரு சொல்லையும் பிழையா வெட்டேல்லை."