மூடாத கதவு

மருந்துக்கடைக் கம்ப்யூட்டருக்குள், மருந்துச் சீட்டு விவரங்களைத் திரைக்குச் சுமந்துபோகும் ஆர்டர் என்றொருவன் இருந்தான். தகவல் கிடங்கிலிருந்து கிளம்பும்போது நோயாளியின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வான். "மற்றதைத் திரை கேட்கும்போது ஓடிப்போய் எடுத்து வந்தால் போச்சு. எதற்கு வீண் சுமை?" என்பான்.

கிடங்குக் கதவைத் திறந்து மூடும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; ஒருநாள் வாசலில் பழைய டிரைவர் கிழவருக்குப் பதிலாகப் புதிய டிரைவர் வந்து நின்றான்.

"என்ன மருந்து? ஆள் மூச்சிரைக்க நிற்கிறார்!" என்று திரை பதறியது. ஆர்டர் ஓடினான். கதவு பூட்டியிருந்தது.

"யாரய்யா பூட்டியது?"

"நீ வெளியே போனாய், பூட்டினேன். உள்ளே இருந்தபோதே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே" என்றபடி புதியவன் திறந்துவிட்டான். மருந்து போய்ச் சேர்ந்தது.

அன்றுமுதல் ஆர்டர் எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்து வந்தான். இத்தனை நாள் வேலை தடையின்றி நடந்தது தன் சாமர்த்தியத்தால் அல்ல, கிழவர் கதவைத் திறந்தே வைத்திருந்ததால்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பழைய கோப்புகளோடு ஒதுங்கிக் கிடந்தவரைத் தேடிப் போய், "ரொம்ப நன்றி, பெரியவரே" என்றான்.

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயாவது வந்தாயே தம்பி! அந்தக் கதவை மூடுவதே இல்லை என்றுதான் என்னை வேலையை விட்டு எடுத்தார்கள்."