வலது விலா

"நாலு மணிக்கு அவளைச் சுடப்போறாங்க. நீங்க என்னடான்னா கம்ப்யூட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டிருக்கீங்க!"

கம்பெனியிலிருந்து சரிபார்க்க வந்த சாப்ட்வேர்காரர் மறுபடியும் பட்டனை அமுக்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். காலையிலிருந்து புள்ளியம்மாவிடம் வாங்கிய திட்டை அவர் தன் சர்வீஸிலேயே யாரிடமும் வாங்கியதில்லை.

புள்ளியம்மா என்பது வனத்துறை ஆபீசில் அவளுக்கு வைத்த பேர். காட்டுக்குள் கட்டி வைத்திருக்கும் கேமராக்களில் சிறுத்தைகள் விழும். விலாவில் உள்ள புள்ளிகளை வைத்து, இது இன்ன நம்பர் சிறுத்தை என்று சொல்வது அவள் வேலை. இரண்டு வருஷமாக அந்த வேலையில் பாதியை இந்த சாப்ட்வேர் செய்துகொண்டிருந்தது.

முந்தாநாள் ஒரு வீட்டின் பின்வாசலில் ஒரு பெண்ணைச் சிறுத்தை அடித்துக் கொன்றுவிட்டது. அந்த வீட்டுக் கேமராவில் கிடைத்தது ஒரே ஒரு மங்கலான படம். வெறும் கண்ணுக்கு எந்தச் சிறுத்தை என்று பிடிபடவில்லை. சாப்ட்வேர் மட்டும் கொஞ்சமும் தயங்காமல் 'பதினாலு' என்றது. பதினாலுக்குக் கண் திறந்து மூன்றே மாதமான குட்டிகள் இரண்டு இருந்தன.

"பதினாலு மனுஷ வாடை பட்டாலே ரெண்டு மலை தாண்டி ஓடுறவ சார். இதைப் பாருங்க. மூஞ்சியில லைட் அடிக்குது, சட்டை பண்ணுதா? சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்குது. இது அவளா? சொல்லுங்க, இது அவளா?"

"நான் சிறுத்தையைப் பார்த்ததே இல்லீங்க மேடம். எனக்கு இந்தப் பெட்டிதான் தெரியும்."

"அந்தப் பெட்டிதான் சார் ரெண்டு குட்டிங்களை அநாதையாக்கப் போகுது!"

போன் அடித்தது. வன அதிகாரி. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"துப்பாக்கிக்காரர் கிளம்பியாச்சும்மா. எனக்கும் மனசு கேக்கலை. ஆனா செத்துப்போன அம்மாவுக்கும் ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. பதினாலு இல்லைன்னா எதுன்னு சொல்லுங்க. உங்க வார்த்தைதான் எனக்கு ஆர்டர்."

"கண்டுபிடிச்சுச் சொல்றேன் சார். கொன்னது எதுவோ அதைச் சுடுங்க, நான் குறுக்க நிக்கமாட்டேன். ஒண்ணும் செய்யாததைச் சுட்டீங்கன்னா சும்மா விடமாட்டேன்!" என்று போனை மேஜைமேல் அடித்து வைத்தாள். பேனா ஸ்டாண்ட் சாய்ந்தது.

சாப்ட்வேர்காரர் பேனாக்களைப் பொறுக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், போன வாரம் புது வெர்ஷன் ஏத்தினாங்களா?"

"ஏத்தினாங்க. அதுக்கென்ன?"

"எல்லாப் படமும் ஒரே பக்கம் பார்க்கற மாதிரி தானாத் திருப்பிப் போடுது. அந்த வீட்டுப் படத்துல அது வலது பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குது. சாப்ட்வேர் அதைக் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடமாத் திருப்பிருச்சு."

புள்ளியம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்தப் புண்ணியவான் சார் செஞ்ச வேலை? சிறுத்தைக்கு இடது விலாவுல ஒரு மாதிரி இருக்கும், வலது விலாவுல வேற மாதிரி இருக்கும். வேற எதோட வலதையோ திருப்பிப் போட்டு, எங்க பதினாலோட இடதுகூடச் சேர்த்துப் பார்த்திருக்கான் பாவி!"

அவர் அந்த வசதியை நிறுத்தினார். வலதை வலதோடு வைத்து ஓட்டினார். எழுபத்தொரு சதவீதத்தில் நின்ற பதினாலின் பொருத்தம் நாலு சதவீதத்துக்கு இறங்கியது.

உடனே அதிகாரியைக் கூப்பிட்டாள். "அவ இல்ல சார்! நான் காலையிலேருந்து நாயாக் கத்தினேனே, யாராவது காதுல வாங்கினீங்களா?"

"சந்தோஷம்மா. அப்ப எது? ஊரே ரோட்டுல உட்கார்ந்திருக்கு. வெறுங்கையோட திரும்பிப் போங்கன்னு துப்பாக்கிக்காரரை நான் அனுப்ப முடியாது. லைன்லயே இருக்கேன், பார்த்துச் சொல்லுங்க."

பட்டியலில் இருந்த நாற்பத்தொரு சிறுத்தைகளில் எதுவும் பொருந்தவில்லை.

"கீழ இன்னொரு சின்ன லிஸ்ட் இருக்கே மேடம். இதுல டிக் போடலையே?"

"அது நாங்க குட்டியா எடுத்து வளர்த்துக் காட்டுல விட்டதுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம், எண்பது கிலோமீட்டர் தள்ளி விட்டோம். இங்க எப்படி வரும்?"

"போட்டுத்தான் பார்ப்போமே."

டிக் போட்டார். சக்கரம் சுற்றி நின்றது. தொண்ணூற்று நாலு சதவீதம்.

திரையில் இரண்டு வலது விலாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இந்தப் புள்ளிக்கு இந்தப் புள்ளி என்று பச்சைக் கோடுகள் ஓடின. கீழே அந்தச் சிறுத்தையின் பழைய படங்கள் வரிசையாகத் திறந்தன. முதல் படத்தில், பூனை அளவுக் குட்டி ஒன்று வாயில் பால் புட்டியோடு புள்ளியம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்ட்வேர்காரர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அத்தனை நேரம் கத்திய பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா? மணி நாலாகப் போகுதும்மா. எதுன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

அவள் கையை நீட்டித் திரையை அணைத்தாள். சாப்ட்வேர்காரரின் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தாள்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் சார். பதினாலுதான்."