பெருநாள் வட்டிலாப்பம்

தம்பி பளீல் படியேறி வருவதைக் கண்டதும் கைரியா கைத்தடியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள்.

தடியைக் கண்டால் அவனுக்குக் கொண்டாட்டம். அக்காவால் நடக்க முடியவில்லை என்று, தன் ஊரான கலகெதர போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுவான்.

அன்று ஹஜ்ஜுப் பெருநாள். புதுச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்து கதிரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கண்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. தரை கூட்டியிருக்கிறதா, அடுப்பு எரிகிறதா, அக்காவின் கால் தடுமாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கைரியாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளை இல்லை, புருஷன் மௌத்தாகிவிட்டார். அவளுக்கென்று இருப்பது நீரிழிவும், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இந்த வீடும்தான். நோய் அவளுக்கு, வீடு தனக்கு என்று பளீல் எப்போதோ மனதுக்குள் பங்கு பிரித்துவிட்டான்.

காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தபோது அவன்தான் ஓடிவந்தான். தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். ஊரே மெச்சியது.

போன பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. இந்த வீட்டைப் பூட்டி, திறப்பைத் தன் இடுப்பு வாரில் கோத்துக்கொண்டான். அவளுடைய தையல் மெஷினை மகளுக்குக் கொடுத்தான். கைரியாவை அடுப்படிப் பக்கம் அண்டவிடவில்லை, தன் நகத்தைத் தானே வெட்டவிடவில்லை. சோற்றைக்கூடப் பிசைந்து ஊட்டினார்கள். விழுந்துவிடுவாளாம், தடியை ஒளித்துவைத்தார்கள். வெளிக்குப் போவதென்றாலும் யாரையாவது கூப்பிட வேண்டும்.

ஒருநாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. ஒருவரும் வரவில்லை. பாய் நனைந்துவிட்டது.

அன்று பார்த்து வீட்டில் விருந்தாளிகள். பளீல் எட்டிப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கொண்டான், பிறகு அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

உம்மா மௌத்தான பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கைரியா. அவன் நனைத்த துணியெல்லாம் துவைத்த கை இது. வீட்டைப் பூட்டியதையும் மெஷினை எடுத்ததையும் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடலாம். அந்தச் சிரிப்பை மன்னிக்க அவளால் முடியவில்லை. அதற்கு முயன்று பார்க்கவும் இல்லை.

அவன் வாரைக் கழற்றிவைத்துக் குளிக்கப் போன நேரத்தில் திறப்பை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து பாகற்காயும் குரக்கன் ரொட்டியும்தான் சாப்பாடு. விடிந்ததும் பாலம் வரைக்கும் நடை. படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்து, உள்ளங்காலில் கீறல் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்வாள். இனிப்பு ஒரு துணுக்கு நாக்கில் படாது. அவளை எழுப்பி நடக்கவைத்தது பாதி பத்தியம், மீதி வன்மம்.

இன்றைக்கு வட்டிலாப்பச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தடியில்லாமல், அடுப்படியிலிருந்து அவளே நடந்து வந்தாள். ஓரடி பிசகவில்லை. தேங்காய் துருவியதும், முட்டை அடித்ததும், கித்துள் கருப்பட்டியைக் கரைத்து அவித்ததும் அவள்தான். ருசி பார்க்காமலே செய்த பண்டம், மணம் வாசல்வரை போனது.

பளீலின் முகம் கொஞ்சம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் சாப்பிட்டான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். மறுபடியும் சாப்பிட்டான்.

“என்னத்துக்குத் தாத்தா ஒங்களுக்கு இந்தப் பாடு?” என்றான். அக்காவைத் தாத்தா என்பதுதான் அவர்கள் வழக்கம். “அடுத்த மாசம் கார் கொண்டு வாறேன். பள்ளிவாசல்லயும் செல்லிட்டேன். இந்தச் சீனி வருத்தத்தோட ஒங்களால தனிய இரிக்க ஏலா.”

வேறு நாளாக இருந்தால் கைரியா அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இன்றைக்குக் கரண்டியை எடுத்தாள்.

“அத அப்ப பாப்போம். இன்னங் கொஞ்சம் தின்னு தம்பி. ஒனக்கெண்டே செஞ்சது.”

கரண்டி நிறைய அள்ளி வைத்தாள். தேநீரிலும் சீனியைத் தாராளமாகப் போட்டாள். அக்கா வழிக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம். வழித்துத் தின்றான். பின்வளவுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தான். மறுபடி தண்ணீர் குடித்தான். புறப்படுவதற்கு முன் இன்னொரு தடவையும் போய்வந்தான்.

அவன் பஸ் ஏறிப்போய், அசர் தொழுகையும் முடிந்த பிறகு, கைரியா வாளியோடு பின்வளவுக்குப் போனாள்.

வாழையடியில் அவன் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. வேறெங்கும் இல்லை, அந்த ஈரத்தில் மட்டும்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்தது இப்படித்தான் தெரிந்தது. கைரியாவுக்கும் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வதற்கு முன்பே எறும்பு சொல்லிவிட்டது. உம்மா தெரிந்தும் வாயைக் கட்டவில்லை, நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பளீல் வந்துபோன அன்றும் இதே இடத்தில் இப்படித்தான் மொய்த்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பத்தியம் பிடித்திருப்பான். நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்தது. அவள் சொல்லவில்லை.

வாளித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். எறும்பெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்து அவனுக்குச் சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு வாளியும் ஊற்றினாள்.

பிறகு அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தாள். கித்துள் கருப்பட்டி தீர்ந்துபோயிருந்தது. அவன் கார் கொண்டு வருவதற்குள் கடைத்தெருவுக்கு நடந்துபோய் நிறைய வாங்கிவைக்க வேண்டும்.