வளைவில் எடுத்த படம்

"அங்கிள், நீங்க தேடுற படம் எங்கப்பா பெட்டியிலயே இருந்துச்சு லா!"

மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு ரூபினி உள்ளே வந்தாள். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் அப்பாதான் அந்தக் காலத்தில் திருவிழாப் படங்கள் எடுத்தவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஊர்வலப் படங்களைச் சேர்த்து மண்டபத்தில் மாட்டுவது அவள் யோசனை. வீடு வீடாகப் போய்ப் படம் கேட்டு வாங்கியவர் ஜெகதீஸ்வரன். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை அவர் மிதிக்காத வாசல் இல்லை. இந்த வயதிலும் என்ன சேவை என்று கமிட்டியில் மெச்சினார்கள்.

சேவையாவது மண்ணாவது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். தொண்ணூற்றொன்றாம் வருடத் திருவிழாவில், பிரிஞ்சாங் வளைவில் ரதம் திரும்பிய நேரத்தில் எடுத்த படம்.

"யாரு, கிராணி மகளா?" அடுப்படியிலிருந்து மனைவி உமாதேவியின் குரல் வந்தது. "நல்லாத் தேடிக் குடும்மா. பெத்த புள்ளையத் தொலைச்ச மனுசன ஊரே பாக்கட்டும்."

அந்த வளைவில்தான் அவர்களுடைய ஒரே பிள்ளை தாரணி கூட்டத்தில் காணாமல் போனாள். நான்கு வயது. மறுநாள் காலை தேயிலைச் சரிவுக்குக் கீழே ஓடையில் கிடந்தாள்.

ரதம் சிக்கிக்கொண்டது, வடம் பிடிக்கக் கூப்பிட்டார்கள், பிள்ளையை உமாதேவி கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்று ஜெகதீஸ்வரன் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பால்குடம் சுமந்து வருகிறவள் கையில் எவனாவது பிள்ளையைக் கொடுப்பானா என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு இப்போது அவருக்கே சந்தேகம். கொடுத்தோமா, கொடுத்ததாக நினைத்துக்கொண்டோமா? கண்ணை மூடுவதற்குள் அது தெரிந்தாக வேண்டும்.

"பிரிண்ட் போடாத நெகட்டிவாவே கெடந்துச்சு அங்கிள், நான்தான் இப்ப போட்டேன். அந்த வருசப் படத்த யாருமே வந்து கேக்கலயாம்," என்றாள் ரூபினி.

"எப்படிக் கேப்பாங்க? எழவு விழுந்த திருவிழாவாச்சே," என்றது அடுப்படி. "எனக்கு ரெண்டு கையும் குடத்துல. அப்புறம் சாமி வந்துருச்சு. கோயில்ல மூஞ்சில தண்ணி தெளிச்சப்பதான் நெனவே வந்துச்சு. அவ மட்டும் என் கையிலருந்து போயிருந்தா அன்னைக்கே நானும் அந்த ஓடையில விழுந்திருப்பேன். சில பேரு மாதிரி முப்பது வருசம் சோறு தின்னுகிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன்."

ரூபினிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உறையைப் பிரித்துப் படத்தை நீட்டினாள்.

ஜெகதீஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சன்னலோரம் போய் மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இதத்தான் பெருசாக்கி வாசல்லயே மாட்டலாம்னு இருக்கேன், அங்கிள்."

"இது வேணாம்மா."

"ஐயோ, இருக்கிறதுலயே தெளிவான படம்!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் குடுத்துரு. நெகட்டிவும் குடுத்துரு. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்."

அந்த முகத்தைப் பார்த்தபின் அவள் வாதாடவில்லை. உறையோடு வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மோட்டார் சத்தம் தேய்ந்ததும், சுவரைத் தடவிக்கொண்டே உமாதேவி வந்தாள். சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது.

"என்னா, சத்தத்தையே காணோம்? அவ இருக்காளா அதுல?"

"இருக்கா."

"என்னா சட்ட?"

"செவப்பு கவுனு. ரெட்டச் சடை."

அவள் வாய் கோணியது. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டாள். "யாரு கையப் புடிச்சிருக்கா?"

தகரக் கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"என் கையத்தான்," என்றார். "நீ சொன்னதுதான் சரி. நான்தான் விட்டுட்டேன்."

கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இத ஒத்துக்க உங்களுக்கு இத்தன வருசமாச்சா?"

"ஆச்சு."

"குடுங்க அத. அவ எங்க இருக்கா, காட்டுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சுட்டுவிரலைப் பிடித்துப் படத்தின்மேல் வைத்தார். "இந்தா, இதான் அவ மொகம்."

விரல் வெகுநேரம் அங்கேயே நின்றது. ஒரு பூச்சியைத் தொடுவதுபோல மெல்லத் தடவியது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது.

"பக்கத்துல இது யாரு? நீங்களா?"

"நான்தான்."

"படுபாவி," என்றாள் உமாதேவி. தன் நகத்தால் அந்த உருவத்தை அழுத்திக் கீறத் தொடங்கினாள்.

ஜெகதீஸ்வரன் தடுக்கவில்லை. நகத்துக்கடியில் மஞ்சள் சேலை கட்டிய ஓர் இளம்பெண், கண்கள் மேலே செருகியிருக்க, ஒரு கையால் தலைமேல் பால்குடத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தாரணியைப் பிடித்திருந்தாள்.